பால் காய்ச்சும் வரை

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோபம் வந்தால் எழுதி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறாள் கம்பெனி அமர்த்திய ஆலோசகி. முப்பது வயதுகூட இருக்காது. எழுதினால் கோபம் இறங்கிவிடுமாம். இறங்குவதற்கு அது என்ன காய்ச்சலா?

நடந்தது இவ்வளவுதான். கிரேக் என்று ஒருவன் என் கீழே வேலை பார்க்கிறான். ஒன்பது வருஷமாக என்னை 'அவ்டி' என்றுதான் கூப்பிடுகிறான். ஆவுடையப்பன் என்று சொல்ல அவனுக்கு வாய் வளையாதாம். போன வாரம் குளிர்பதனக் கிடங்கின் கதவைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். ஏன்டா என்று கேட்டேன். நான் கத்தினேன் என்று மேலே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் அம்பாசமுத்திரத்தில் அதற்குப் பேச்சு என்று பெயர்.

சரி, மெல்பர்னில் இருக்கிறோம், மெல்பர்ன்காரன் சொல்கிறபடி எழுதித் தொலைக்கிறேன். தமிழில் எழுதினால் அவள் எப்படிப் படிப்பாள் என்று பார்க்கிறேன்.

வருகிற 31ஆம் தேதி புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம். வாடகை வீட்டை அதற்குள் காலி செய்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அண்ணன் வீடியோவில் வந்தார். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரிக் கட்டில். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம். வழக்கம்போல வீடியோ போட்டுவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்தது அவர் காதும் அதிலிருக்கிற நரைமுடியும்தான். மதினி அதைப் பிடுங்கி நேராகப் பிடித்தார்.

"ஏல, வீடு முடிஞ்சிட்டாம்லா. அதக் காட்டுல, பாப்போம்."

"இன்னும் திரை போடலண்ணே. சோபா வரல. எல்லாம் வரட்டும், காட்டுதேன்."

"திரைய நான் என்னத்துக்குல பாக்கேன்? சுவத்தக் காட்டு. பின்னால கெணறு உண்டா?"

மெல்பர்னில் கிணறு! நான் கிடங்கில் இருக்கிறேன், வீட்டில் இல்லை என்றேன். அப்படியானால் சாயங்காலம் காட்டு என்றார். சாயங்காலமும் காட்டவில்லை. சிமெண்டுத் தரையும் ஒற்றைக் குழல்விளக்குமாக ஒரு வீட்டைக் கட்டி அதிலேயே ஆயுசைக் கழித்தவர். பாதி வீட்டைக் காட்டினால் பாதி வீடு என்றுதான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். முழுசாகக் காட்ட வேண்டும். அப்போதுதான் வாயைப் பிளப்பார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சாயங்காலம் ஐயர் வந்தார். வார நாட்களில் வங்கிக் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம், சனி ஞாயிறில் நமக்கு. தட்டில் வைக்க வேண்டியவற்றை எல்லாம் சொல்லிவிட்டு, எழுந்துகொள்ளும்போது கேட்டார்.

"ஆத்துல தீட்டு கீட்டு ஒண்ணும் இல்லையே?"

"இல்லை சாமி. அண்ணனுக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை."

அவர் செருப்பை மாட்டாமல் நின்றார். "கூடப் பொறந்தவரா? ஏதாவது ஆச்சுன்னா பங்காளித் தீட்டு. பதினாறு நாள் ஒண்ணும் பண்ணப்படாது. அப்புறமும் ஒரு வருஷம் சுபகாரியம் வேண்டாம்பா."

என் மனைவி பிருந்தா என்னைப் பார்த்தாள். ஒரு வருஷமா? அழைப்பு அனுப்பி, சாப்பாட்டுக்குச் சொல்லி, பழைய வீட்டையும் விடுகிற நேரத்திலா?

ஐயர் கெட்டிக்காரர். கதவருகே போய்த் திரும்பி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "காதுல விழுந்த நிமிஷத்துலேர்ந்துதான் தீட்டுக் கணக்கு. விழாத வரைக்கும் தோஷமில்லை."

படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? சாஸ்திரத்திலும் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அவரைக் கார் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

தனசேகர் புது வீட்டுக்குப் பசுவோடு வந்தார். தமிழ்ச் சங்கத் தலைவர். சேலத்துக்காரர். ஐந்து படுக்கையறை வீடு கட்டியதிலிருந்து எல்லோருடைய வீட்டிலும் உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பதைத் தொழிலாக வைத்திருக்கிறார். பால் காய்ச்சும் அன்று வீட்டுக்குள் பசு வர வேண்டுமே. இந்த ஊரில் பசுவை வீட்டுக்குள் விட்டால் கவுன்சில்காரன் நம்மை வெளியே விட்டுவிடுவான். அதனால் சங்கத்தில் ஒரு பித்தளைப் பசுவும் கன்றும் வாங்கி வைத்திருக்கிறார்கள். வீடு வீடாகப் போகும். கூடவே தனசேகரும் போவார்.

"நாலு பெட்ரூம்தானா? போதும் போதும், சின்னக் குடும்பம்," என்றார்.

ஹோமத்து நெய்ப்புகைக்குக் கூரையிலிருக்கிற தீ அலாரம் அலறாமலிருக்க என்ன செய்வது என்று கேட்டேன். குளிக்கும்போது தலையில் மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பியை அதற்கு மாட்டிவிடுங்கள் என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, எப்படியிருக்கிறாய் என்று கேட்டாள். வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். இந்த ஊரில் யார் கேட்டாலும், ஒன்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லி முடித்ததே இல்லை. குடியுரிமை கொடுத்த அன்று கையில் ஒரு செடியைக் கொடுத்தார்கள், நீயும் இங்கே வேர் விடு என்று. செடி ஒரு மாதத்தில் செத்துப்போனது. மண் சரியில்லை.

திரைச்சீலை வரவில்லை. வெள்ளிக்கிழமை வரும் என்கிறான். இவர்கள் வெள்ளி என்றால் சனி.

ஆகஸ்ட் 25, திங்கள்

மதினி வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தார். "தம்பி, அண்ணனுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. மூஞ்சில மாஸ்க் போட்டுட்டாவ. பேச்சு இல்ல. கைய மட்டும் ஆட்டுதாவ. நீங்க பயப்படாதிய. ஒங்க விசேஷ வேலையப் பாருங்க."

பிருந்தா கேட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை வரைக்கும்தானேங்க," என்றாள்.

எது ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என்று நான் கேட்கவில்லை. சோபா வந்தது. பழுப்பு நிறம் கேட்டால் சாம்பல் நிறம் அனுப்பியிருக்கிறான், மடையன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அண்ணன் வீட்டுப் பால்காய்ச்சு இன்றைக்கு ஏனோ நினைவுக்கு வந்தது. நான் மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். பஸ் வழியில் நின்றுவிட்டது. போய்ச் சேரும்போது நல்ல நேரம் முடிந்துவிட்டது. வாசலில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. ஐயர் தலையில் அடித்துக்கொள்கிறார். அண்ணன் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு பால் சட்டியோடு நிற்கிறார். "தம்பி வராம அடுப்புப் பத்த வைக்க மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். நான் பையோடு ஓடி வந்ததும், "வால, தீப்பெட்டிய எடு" என்றார். ராகு காலத்தில் பொங்கிற்று பால்.

இப்படியும் ஒரு முட்டாள்தனம் உண்டா? அந்த வீட்டில் ஒன்றும் விளங்காமல் போனதற்குக் காரணம் அதுதான் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவர் சிரிப்பார். நல்ல நேரம் என்றால் நல்ல நேரம்தான். யாருக்காகவும் அது நிற்காது.

ஆகஸ்ட் 27, புதன்

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. அண்ணன் நம்பர்.

அண்ணனுக்குப் பேச்சில்லை என்று மதினியே சொன்னார். மதினிக்குத் தனி நம்பர் இருக்கிறது. அண்ணன் தன் போனை யாருக்கும் கொடுக்கிற ஆளில்லை, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். அந்தப் போன் இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அந்த அர்த்தத்தை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் தெரிந்ததாகிவிடும்.

எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. தயிர்சாதம் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

மூன்று தடவை அடித்தது. எடுக்கவில்லை. வாட்ஸப்பையும் திறக்கவில்லை. ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி கிடைத்தால் போதும், அடுத்தவன் காதில் ஊற்றாமல் தூக்கம் வராது. சாயங்காலம் பிருந்தாவின் போன் அடித்தது. யார் என்று பார்த்துவிட்டு அதை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். தண்ணீரில் விழுந்துவிட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். விழவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கிரேக்கின் நாய் செத்துவிட்டது. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு இன்றைக்கு வந்தவன், சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து அழுகிறான். ஆறடி ஆள், கையெல்லாம் பச்சை குத்தியவன், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுகிறான். நாய்க்கு! ஒருத்தி முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். இன்னொருத்தன் கேக் வாங்கி வந்திருக்கிறான், இழவுக்குக் கேக். வெட்கம், மானம், தீட்டு, துக்கம் எதுவும் கிடையாது இவர்களுக்கு. வந்ததை வந்த இடத்தில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அவன் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு வேலை இல்லாததால் நின்றேன்.

என் போன் அடித்தது. கிரேக் நிமிர்ந்து பார்த்து, "எடு அவ்டி. ரெண்டு மூணு நாளா அடிக்குதாமே. முக்கியமா இருக்கப் போகுது," என்றான்.

"விளம்பரக்காரன்," என்றேன்.

அவன் கையிலிருந்த கேக் துண்டில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினான். அழுத கையால். வாங்கிக் குப்பையில் போட்டேன், அவன் பார்க்காதபோது.

ஆகஸ்ட் 30, சனி

மதியம் போன் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. ஒருவழியாக விட்டுவிட்டார்கள், நிம்மதி.

திரைச்சீலை வந்து சேர்ந்தது. நானே ஏணி போட்டு மாட்டினேன். இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது. வாசலில் ஆரம்பித்து அறை அறையாக போனில் வீடியோ எடுத்தேன். கூடம், சமையலறை, பூஜை அலமாரி, மேலே படுக்கையறைகள் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக எடுத்தேன். சுவரையும் கிட்டப் போய் எடுத்தேன். கடைசியில் பின்பக்கம் போய் மழைநீர்த் தொட்டியையும் எடுத்தேன்.

பிருந்தா கூடத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "யார்கிட்ட பேசிக்கிட்டே எடுக்குறீங்க?" என்றாள்.

"இன்சூரன்ஸ்காரனுக்கு. விளக்கம் சொன்னால்தான் அவனுக்குப் புரியும்."

"தமிழ்லயா?"

அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு கேள்வி. போய் அலாரத்துக்குத் தொப்பி மாட்டினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பால் பொங்கிவிட்டது.

முறைப்படி எழுதுகிறேன். விடியற்காலைக் குளிரில் பித்தளைப் பசுவைத் தூக்கிக்கொண்டு தனசேகர் முன்னால் நடக்க, சாமி படத்தோடு நாங்கள் பின்னால் நுழைந்தோம். ஹோமப் புகையில் ஒரு அலாரம் தொப்பியோடு சும்மா இருந்தது. மாடியில் இன்னொன்று இருப்பதை மறந்துபோனோம். அது ஊளையிட்டது. பக்கத்து வீட்டுக் கிழவி இரவு உடையோடு ஓடி வந்து தீயணைப்புக்குப் போன் செய்யட்டுமா என்றாள். பிருந்தா அவளை உட்காரவைத்துக் கேசரி கொடுத்தாள். கண்ணாடி அடுப்பில் பால் பொங்கி வழிந்து எரிந்து நாறியது. எந்தத் திசையில் பொங்கியது என்று ஐயர் பார்ப்பதற்குள் பிருந்தா, கண்ணாடியில் கறை பிடிக்கும் என்று துடைத்துவிட்டாள்.

"ஊர்ல எல்லாரும் சௌக்கியமா சார்?" என்றார் தனசேகர், இலையில் மூன்றாவது வடையோடு.

"சௌக்கியம்," என்றேன்.

அண்ணாந்து பார்த்தார். "உத்தரம் கொஞ்சம் தாழ்வு. ஆனா அம்சமா இருக்கு."

எல்லோரும் போனார்கள், பசுவும் போயிற்று. குளியலறையில் துண்டும் மாற்று வேட்டியும் எடுத்து வைத்தேன். காதில் விழுந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டுமே. எந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிறகு மதினி நம்பருக்கு நானே அடித்தேன். ஊரில் காலை நேரம். பின்னால் கூட்டத்தின் சத்தம் கேட்டது.

"யாரு, தம்பியா? பால் காச்சியாச்சா?"

"காச்சியாச்சு மதினி."

"நல்லாப் பொங்கிச்சா?"

"பொங்கிச்சு."

"சரி, இனி சொல்லலாம்." குரல் உடைந்தது. "அண்ணன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாவ தம்பி. நேத்து மத்தியானம். ஒங்க விசேஷம் முடியுத வரைக்கும் யாரும் ஒங்க காதுல போடப்படாதுன்னு நாந்தான் சத்தம் போட்டு வச்சிருந்தேன். பத்து மணிக்கு எடுக்காவ. வீடியோல வாறியளா? மொகத்தப் பாத்துக்கிடுங்க."

நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். ஐயோ என்றாவது சொல்லியிருக்கலாம்.

"நேத்தா?" என்றேன். "புதன்கிழமை இல்லையா?"

பின்னால் யாரோ ஒரு பெண் பெயர் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

"புதன்கிழமையா? புதன்கிழம மாஸ்க்க எடுத்துட்டாவல்லா. எந்திச்சு உக்காந்து ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாவ. ஒங்களுக்கு அவியல்லா போன் போட்டாவ! நான் போட்டுத் தாரேன்னு சொன்னாலும் கேக்கல, ஒத்த வெரலால அவியளே அமுக்குனாவ. மூணு நாளும் அதே வேல. வீட்டக் காட்டச் சொல்லணும், திரை போட்டிருப்பான்னாவ. நீங்க எடுக்கல. நான் கொறப்பட்டேன். 'பிள்ள விசேஷ வேலைல அலையுதான், அவன ஒண்ணும் சொல்லாத'ன்னு என்னிய ஏசுனாவ." மூக்கை உறிஞ்சினார். "புதன்கிழமன்னு ஒங்களுக்கு எப்பிடித் தம்பி தோணிச்சு?"

சிக்னல் சரியில்லை மதினி என்றேன். இந்த ஊர் சிக்னலுக்கு என்ன குறை, கிடங்குக்குள்கூட எடுக்கும். மதினியே போனை வைத்துவிட்டார். முகத்தைக் காட்டுகிறேன் என்றவர் அதை மறுபடி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஊரின் பத்து மணி எங்கள் கடிகாரத்தில் மதியம் இரண்டரையாக வந்தது, போனது. நான் புது சோபாவில் உட்கார்ந்திருந்தேன். சாம்பல் நிறம்.

பிருந்தா வந்து, குளிக்கலையா என்றாள்.

செப்டம்பர் 1, திங்கள்

லீவு கேட்டேன். கூடப் பிறந்தவர் இறந்தால் மூன்று நாள் உண்டாம். என்றைக்கு இறந்தார் என்று கேட்டாள் அலுவலகத்துப் பெண். வாயில் புதன் என்றுதான் வந்தது. திருத்திச் சொன்னேன். கிரேக் என்னைக் கட்டிப்பிடித்தான். விலகிக்கொள்ள மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சனிக்கிழமை எடுத்த வீடியோவை அண்ணன் நம்பருக்கு அனுப்பினேன். ஏன் என்று தெரியவில்லை. எடுத்தது வீணாகப் போக வேண்டாமே. கொஞ்ச நேரத்தில், பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது. இப்போது அந்தப் போன் உண்மையிலேயே இன்னொருவர் கையில் இருக்கிறது.

மதினி பேசி அனுப்பியிருந்தார். குரலில் அழுகை இல்லை.

"வீடு நல்லாருக்கு தம்பி. முழுசும் பாத்தேன். 'சுவரப் பாரு, திரையப் பாரு, கெணறு இல்லண்ணே, தொட்டிதான் இருக்கு'ன்னு அண்ணே அண்ணேன்னு சொல்லிக்கிட்டே வாறிய. சனிக்கிழமை எடுத்ததுன்னு தேதி போட்டிருக்கு. சனிக்கிழம காலைல அவியளுக்கு உசிர் இருந்துச்சு. அப்பவே அனுப்புறதுக்கு என்ன?"

இன்னும் குளிக்கவில்லை. துண்டும் வேட்டியும் குளியலறையில் மடித்தபடி இருக்கின்றன.